கால்வேலி நிலமும் கைரேகையும்

1

உத்திரமேரூர் என்றதும் படித்தவர்களுக்கு ஒரே விஷயம்தான் ஞாபகம் வரும். குடவோலை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிவைத்த கல்வெட்டு. பள்ளிக்கூடப் பாடத்தில் இருக்கிறது, போட்டித் தேர்வுக் கேள்வித்தாளில் இருக்கிறது. 2020 டிசம்பர் 10ஆம் தேதி டெல்லியில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரே எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லிப் பெருமைப்பட்டார். ஜனநாயகத்தை அப்போதே நடத்திக் காட்டிய ஊராம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தக் கல்வெட்டை முழுக்கப் படித்தவர்கள் குறைவு. படித்தும் வாய் திறக்காதவர்கள் அதிகம். குடத்துக்குள் ஓலை போட முக்கியமாக மூன்று தகுதி வேண்டும். வரி கட்டுகிற நிலம் கால்வேலிக்கு மேல் வைத்திருக்க வேண்டும். சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் ஓதக் கற்றவனாக இருந்தால் அரைக்கால் வேலி போதும் என்று சலுகையும் உண்டு. ஊரே சதுர்வேதிமங்கலம். பார்ப்பனர்களுக்கு என்று விட்ட ஊர். ஏரி வாரியத்துக்கு ஆறு பேரை எடுத்தார்கள் என்று கல்வெட்டு சொல்கிறது. ஏரியில் இறங்கிச் சேறு வாரியவன் அந்த ஆறு பேரில் இருந்திருப்பானா? நாற்று நட்டவள் பேரை எழுத ஓலை இருந்ததா? குடம் அவர்களுடையது, ஓலை அவர்களுடையது, ஓலையை எடுத்த பையனும் அவர்களுடையவன்.

1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் இந்தக் 'கிராமக் குடியரசு' புகழ்ச்சியைத்தான் போட்டு உடைத்தார். கிராமத்தை அல்ல, தனிமனிதனை அலகாக எடுத்துக்கொண்டதற்காக மகிழ்ச்சியடைகிறேன் என்ற பொருளில் பேசினார். அன்றைக்கு அவர்மேல் கோபப்பட்டவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்றைக்கு 'டிஜிட்டல் கிராமம்' பேசுகிறார்கள்.

ஆயிரம் வருஷக் கதையை இப்போது ஏன் கிளறுகிறாய் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. அந்த மூன்று தகுதியும் சாகவில்லை. கல்லிலிருந்து இறங்கி கம்ப்யூட்டருக்குள் போய் உட்கார்ந்திருக்கின்றன. கால்வேலி நிலம் பட்டா எண்ணாக ஆகியிருக்கிறது. சொந்த மனை முகவரிச் சான்றாக ஆகியிருக்கிறது. வேதம், கைபேசிச் செயலியும் அதற்குள் இருக்கிற இங்கிலீஷுமாக ஆகியிருக்கிறது. மூன்றும் இருக்கிறவனுக்குக் கதவு தானாகத் திறக்கிறது. இல்லாதவன் இ-சேவை மையத்து வாசலில் வரிசையில் நிற்கிறான். அவன் யார், எந்தத் தெருக்காரன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

2

நிலத்திலிருந்து தொடங்குவோம். எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

செங்கல்பட்டு ஜில்லாவில் கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891ல் பறையர்களின் நிலைமை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அனுப்பினார். குடியிருக்கிற மனைகூடச் சொந்தமில்லாதவர்களாக, மிராசுதாரின் தயவில் இந்த ஜனங்கள் வைக்கப்பட்டிருப்பதை அது சொன்னது. அதன் தொடர்ச்சியாக 1892ல் அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக் கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டோருக்குத்தான் விற்கலாம். மற்றவன் வாங்கினால் செல்லாது, அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று கணக்குச் சொல்வார்கள். பஞ்சமி நிலம் என்றும் டி.சி. நிலம் என்றும் பேர். அந்த வரலாறு பிறந்த மண் நம்முடைய பழைய செங்கல்பட்டு ஜில்லாதான்.

அந்த நிலம் எங்கே போச்சு? ஒரு மூட்டை கேழ்வரகுக்குப் போச்சு. கல்யாணக் கடனுக்குப் போச்சு. வெத்துப் பத்திரத்தில் வைத்த பெருவிரல் ரேகையில் போச்சு. கேட்டபோது என்ன கிடைத்தது? காரணைப் பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்ட கூட்டத்தின்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். இந்தப் பக்கங்களை வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பேர்களை நான் புதிதாகச் சொல்லவில்லை. மறக்கக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

துப்பாக்கியைவிட அமைதியாக ஒரு காரியம் அதற்கு முன்பே நடந்து முடிந்திருந்தது. 1980களில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைத் திருத்தி எழுதினார்கள். யார் அனுபவத்தில் இருக்கிறானோ அவன் பேரைக் கேட்டு எழுது என்றார்கள். ஊர்த் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதினார்கள். சேரிக்காரன் அன்றைக்குக் கழனியில் கூலிக்கு நின்றான். பழைய பதிவேட்டில் டி.சி. என்று குறித்திருந்த எத்தனையோ சர்வே நம்பர்களில் புதிய பதிவேடு அந்தக் குறிப்பை விழுங்கிவிட்டது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது. எந்தப் பதிவேட்டை அதில் ஏற்றினார்கள்? யு.டி.ஆர். பதிவேட்டைத்தான். கணக்குப்பிள்ளை காலத்துத் திருட்டு, 'ஆன்லைன் பட்டா'வாகச் சுத்தமாகிவிட்டது.

எங்க அத்தைக்கு 68 வயசு. எங்க தாத்தாவுக்கு ஏரி மதகுக்குக் கீழே ஒன்றரை ஏக்கர் டி.சி. நிலம். தாத்தா பேரில் இருந்த பழைய தாளை மஞ்சப்பையில் சுற்றி எடுத்துக்கொண்டு அத்தையோடு ஓர் அலுவலகத்துக்கு நான் போனேன். அங்கே இருந்தவர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சிஸ்டத்துல உங்க பேரு வரலம்மா."

அத்தை கேட்டது: "சிஸ்டத்துல பேரை ஏத்துனது யாரு சார்?"

"அது மேலேர்ந்து வந்ததும்மா. நாங்க ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே வந்து அத்தை சொன்னது இதுதான்: "கணக்குப்பிள்ளை இருந்தப்போ அவன் வூட்டுத் திண்ணைக்கிக் கீழ நின்னு மண்ண வாரியாச்சும் தூத்திட்டு வந்தோம். இந்தப் பொட்டிய என்னாத்த பண்றது?"

நான் எம்.ஏ. தமிழ் படித்தவன். அதிகாரம், பிரதி, அழித்தெழுதுதல் என்று எவ்வளவோ படித்திருக்கிறேன். அத்தை சொன்ன அளவுக்கு எந்தக் கோட்பாட்டாளனும் எனக்கு இதை விளங்கவைக்கவில்லை. முன்பு சாதிக்கு ஒரு முகம் இருந்தது. எதிரே நின்று கேட்க முடிந்தது. இன்றைக்கு அது 'சர்வர்' என்கிறது, 'மேலேர்ந்து' என்கிறது. கேள்வி போய்ச் சேர முகவரி இல்லை.

ஒரு பட்டா இல்லாமல் போனால் எத்தனை போகிறது என்று எண்ணிப் பாருங்கள். 2018 டிசம்பரிலிருந்து கணக்கு வைத்து மத்திய அரசு விவசாயிகளுக்கு வருஷத்துக்கு 6,000 ரூபாய் கொடுக்கிற திட்டம் நிலம் சொந்தமாக இருக்கிறவனுக்குத்தான். குத்தகைக்காரனுக்கு இல்லை. கூலிக்காரிக்கு இல்லை. நேரடி கொள்முதல் நிலையத்தில் நெல் போட ஆன்லைனில் பதிய வேண்டும், அதற்கு அடங்கல் வேண்டும். வாய்ப்பேச்சுக் குத்தகையில் பயிர் வைக்கிறவனுக்கு அடங்கலை யார் கொடுப்பது? அவன் வியாபாரிக்குத்தான் போடுகிறான், அவன் சொன்ன விலைக்கு. 2025ல் விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் என்று தொடங்கினார்கள். அதுவும் பட்டாவோடு கட்டியது. ஆக, காலமெல்லாம் கழனியில் குனிந்தவள் கம்ப்யூட்டர் கணக்கில் விவசாயி இல்லை. மெட்ராஸில் உட்கார்ந்துகொண்டு குத்தகை வாங்குகிறவன் விவசாயி. கால்வேலிச் சட்டம் இதைவிடத் தெளிவாக வேறெப்படிப் பேசும்?

3

அடுத்தது கூலி.

எங்கள் பக்கத்தில் நூறு நாள் வேலை 2008ல் வந்தது. அது மண்ணை வாரினதா, ஏரியைத் தூர்த்ததா என்று டீக்கடையில் கேலி பேசினார்கள். கேலிக்குக் காரணம் வேறு. அந்த வேலை எங்கள் பெண்களுக்கு ஒரே ஒரு சொல்லைக் கற்றுக்கொடுத்தது: "வர முடியாதுங்க." அதுவரை ஊர்க்காரர் வீட்டிலிருந்து ஆள் வந்து தெருமுனையில் நின்று கூப்பிட்டால், சொன்ன கூலிக்குப் போய் நடவு நட்டாக வேண்டும். நூறு நாள் வந்த பிறகு கூலி பேசிப் போனார்கள். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி என்று எங்கள் அம்மாக்கள் முதன்முதலில் பார்த்தது அங்கேதான். 'ஆள் கிடைக்கல, விவசாயம் அழியுது' என்று ஒப்பாரி கிளம்பியதும் அப்போதுதான். அறுப்பு வண்டி வந்து ஒரு மணி நேரத்தில் ஒரு ஏக்கரை அறுத்துத் தள்ளி, நூறு பேர் கூலியைத் தின்றபோது அந்த ஒப்பாரி வரவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வேலையைக் கம்ப்யூட்டர் எப்படித் தின்றது என்று வருஷவாரியாகச் சொல்கிறேன். 2021 மார்ச்சில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டது: கூலியைத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மற்றவர் என்று தனித்தனிக் கணக்காகப் பிரித்துப் போடு. ஒரே ஏரியில் ஒரே நாள் மண் வாரியவர்களுக்கு வேறு வேறு நாளில் பணம் வந்தது. 'அவங்களுக்கு மட்டும் வந்துடுச்சு' என்று ஊருக்கும் சேரிக்கும் நடுவே சண்டை மூண்டது. எதிர்ப்பு வலுத்த பிறகு அதே வருஷக் கடைசியில் பின்வாங்கினார்கள். கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்று சொல்கிற நண்பர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்? அதற்குச் சொல்லிக் கொடுத்தால் தெரிந்துகொள்கிறது. பணத்தைச் சாதிவாரியாகப் பிரித்துப் போடுகிற வேலையைப் பழைய போஸ்ட்மேன்கூடச் செய்ததில்லை.

2023 ஜனவரி 1லிருந்து வேலை நடக்கிற இடத்தில் தினமும் இரண்டு தடவை செயலியில் போட்டோ எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஏரி உள்வாயில் டவர் எங்கே கிடைக்கும்? பணித்தளப் பொறுப்பாளராக இருக்கிற எங்கள் தெருப் பெண் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரைமேல் அலைவதைப் பார்த்திருக்கிறேன். போட்டோ ஏறாவிட்டால் அன்றைக்கு வாரிய மண் வாராத மண். 2024 ஜனவரி 1லிருந்து ஆதார் வழியாகத்தான் கூலி. ஆதாரில் 'மு.' இருந்து வங்கியில் 'எம்.' இருந்தால் பணம் நின்றது. 2025ல் தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கூலிப் பாக்கி 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசே சொன்னது. ஒரு நாளைக்கு 336 ரூபாய்க் கூலிக்காரர்களிடம் அரசாங்கம் வைத்த கடன் அது. நாங்கள் ஒரு தவணை தவறினால் குழுக்கடன்காரன் வாசலில் வந்து உட்காருகிறான். நாங்கள் யார் வாசலில் போய் உட்காருவது?

முத்தாய்ப்பு 2025 டிசம்பரில் வந்தது. 2005ஆம் வருஷச் சட்டத்துக்குப் பதிலாக நாடாளுமன்றம் வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. 100 நாள் 125 நாளாகிறது என்று பெருமை பேசினார்கள். உள்ளே படியுங்கள். கூலிச் செலவை முழுக்க மத்திய அரசு ஏற்ற நிலைமை போய், நம்மைப் போன்ற மாநிலம் 40 பங்கு போட வேண்டும். விதைப்பும் அறுப்பும் நடக்கிற காலத்தில் 60 நாள் வரைக்கும் இந்த வேலையை நிறுத்திவைக்கலாம். கைரேகை, முகம் என்று உடம்பை அடையாளம் காட்டுகிற முறை சட்டத்துக்குள்ளேயே ஏறிவிட்டது. அந்த 60 நாளில்தான் விஷயம் இருக்கிறது. கூலிக்காரிக்குப் பேரம் பேசுகிற பலம் இருக்கிற காலமே நடவும் அறுப்பும்தான். அந்தச் சமயம் பார்த்து மாற்று வேலையை மூடினால் என்ன அர்த்தம்? தெருமுனையில் நின்று கூப்பிட்ட ஆளுக்கு இப்போது சட்டமே குரல் கொடுக்கிறது. படியாள் முறையைப் படிப்படியாகத் திரும்பக் கொண்டுவருகிறார்கள். பேர் மட்டும் வேறு.

4

'நிலத்தையும் ஏரியையும் கட்டிக்கொண்டு அழாதே, பக்கத்திலேயே தொழிற்சாலை இருக்கிறதே' என்று சொல்வார்கள். இருக்கிறது. 1991 ஜூலை 24ஆம் தேதி பட்ஜெட்டில் கதவைத் திறந்தார்கள். 1996ல் ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்தது. 2006ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா உற்பத்தி தொடங்கியது. ஒரகடம் கார் உலகமாச்சு. விடியுமுன்னே கம்பெனி பஸ் உத்திரமேரூர் பக்கத்துக் கிராமங்களில் நின்று பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிறது.

இந்த மாற்றத்தில் யாருக்கு எது கிடைத்தது? நிலம் போனவனுக்கு விலை கிடைத்தது. அவன் பிளாட் போட்டான், வேன் வாங்கிக் கம்பெனிக்கு விட்டான், ஆள் சப்ளை காண்ட்ராக்ட் எடுத்தான். அந்த நிலத்தில் மூணு தலைமுறையாகக் கூலி செய்தவனுக்கு ஒரு பைசா கிடையாது. ஏனென்றால் அவன் பேர் பட்டாவில் இல்லை. 2013ஆம் வருஷத்து நிலமெடுப்புச் சட்டம் கூலிக்காரனையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று ஒப்புக்கொண்டது. தமிழ்நாடு என்ன செய்தது? தன்னுடைய 1997ஆம் வருஷத் தொழில் நிலச் சட்டத்தை அதிலிருந்து விலக்கிக் காப்பாற்றிக்கொண்டது. ஊர்க்காரர் பிள்ளை காண்ட்ராக்டர், சேரிக்காரர் பிள்ளை காண்ட்ராக்ட் லேபர். கழனியில் இருந்த உறவு கம்பெனிக்குள் சட்டை மாற்றிக்கொண்டு நிற்கிறது. சமையற்கூடத்துக்கும் கக்கூசுக்கும் எந்தத் தெரு ஆட்களை எடுக்கிறார்கள் என்று உள்ளே போய்ப் பாருங்கள்.

அந்த வேலைக்காவது ஆயுள் இருக்கிறதா? நோக்கியா 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடிக்கொண்டு போனது. ஆயிரக்கணக்கான இளைஞர்கள், அதில் பாதிக்குமேல் பெண்கள், 25 வயதில் 'முன்னாள் தொழிலாளி' ஆனார்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் 150 பேருக்குமேல் ஆஸ்பத்திரியில் படுத்த பிறகு, நெடுஞ்சாலையில் உட்கார்ந்து போராட வேண்டி வந்தது. 2024ல் சாம்சங் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தது பெரிய கூலி உயர்வுக்கு மட்டும் அல்ல, சங்கம் வைத்துக்கொள்ளும் உரிமைக்காக. உலகத்துக்கே போன் செய்கிற ஜில்லா இது. இதே ஜில்லாவில்தான் 2019 ஜூலையில் மரம் வெட்டும் இடங்களில் கொத்தடிமையாகக் கிடந்த இருளர் குடும்பங்களை மீட்டார்கள். வேலூரையும் சேர்த்து 42 பேர். ஏரிக்கரையில் குடிசை போட்டிருக்கிற இருளருக்கு மனைப்பட்டா இல்லை. அதனால் முகவரி இல்லை. முகவரி இல்லாததால் ரேஷன் அட்டை இழுபறி, சாதிச் சான்றிதழ் இழுபறி. பிள்ளை பள்ளிக்கூடத்தில் நிற்பதில்லை. முன்பணம் கொடுப்பவன் மட்டும் முகவரி கேட்பதில்லை.

5

இதையெல்லாம் சொன்னதும் இரண்டு வகையான ஆட்கள் நம்மிடம் வருவார்கள். ஒருவர், 'மிஷினே வேண்டாம், கிராமத்துக்குத் திரும்புவோம், பாரம்பரிய விவசாயம்' என்பார். அவருக்கு நம்முடைய பதில்: நீங்கள் திரும்புங்கள் ஐயா. நாங்கள் எதற்குத் திரும்புவது, பறைக்கும் பிணத்துக்குமா? பஸ்ஸும் ரயிலும் ஆலையும் நகரமும்தான் எங்களை ஊரிலிருந்து வெளியே இழுத்தன. மிஷின் நமக்கு எதிரியாக இருந்ததே இல்லை. மிஷினின் சாவி யார் இடுப்பில் தொங்குகிறது என்பதே கேள்வி.

இன்னொருவர், 'டிஜிட்டலில் தீண்டாமை இல்லை, டீக்கடையில் கியூ.ஆர். கோடு எல்லோருக்கும் ஒன்றுதானே' என்பார். நம் மாணவர்களில் சிலரே இப்படிப் பேசுகிறார்கள். தோழர்களே, கொஞ்சம் யோசியுங்கள். முன்பு காசை மேலேயிருந்து கையில் போட்டான். இப்போது கையே வேண்டாம், காசு போய்ச் சேருகிறது. தொடாமல் வாங்கிக்கொள்ள அவனுக்கு வசதி கூடியிருக்கிறது. பெஞ்சில் உட்கார இடம் கொடுத்தானா என்று கேளுங்கள். ரேஷன் கடையில் ரேகை வைத்துப் பாருங்கள். சேற்றிலும் செங்கல் சூளையிலும் கல்குவாரியிலும் தேய்ந்துபோன விரலை மிஷின் ஏற்க மாட்டேன் என்கிறது. உழைப்பு அழித்த ரேகையை 'ஆள் பொருந்தவில்லை' என்று எழுதுகிறது. வேலை செய்யாத விரல் அதற்குப் பளிச்சென்று தெரிகிறது. 2017-18ஆம் வருஷத் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில் இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் கம்ப்யூட்டர் இருந்தது நூற்றுக்கு 4 வீடு சொச்சம். அந்தக் கணக்கு வந்த சூட்டோடு 2020ல் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டுப் போனில் பாடம் படி என்றார்கள். அந்த இரண்டு வருஷத்தில் பள்ளியை விட்டு வேலைக்குப் போன எங்கள் தெருப் பிள்ளைகள் இப்போது கம்பெனி பஸ்ஸில் காண்ட்ராக்ட் அட்டையோடு போகிறார்கள். ஏற்றத்தாழ்வு எப்படி உற்பத்தியாகிறது என்று ஆய்வேடு எழுதுகிற மாணவர்கள் அந்த பஸ்ஸில் ஒருநாள் ஏறலாம்.

6

எழுதுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஓலைச்சுவடியைக் கம்ப்யூட்டரில் ஏற்றினோம். பழைய நூல்களை ஏற்றினோம். கல்வெட்டுகளை ஏற்றினோம். கணினித் தமிழ் என்று மாநாடு போட்டோம். நல்ல காரியம்தான். ஆனால் 1892க்குப் பிறகு எழுதிய பழைய பதிவேடுகளில், டி.சி. என்று குறித்த பக்கங்களைக் கிராமம் கிராமமாக ஏற்ற இத்தனை வருஷத்தில் ஏன் யாருக்கும் கை வரவில்லை? சோழன் எழுதியது எல்லோருக்கும் திறந்த பிரதி, நமக்கு எழுதிக் கொடுத்தது மட்டும் பூட்டிய அலமாரியா?

ஆகவே நம் கோரிக்கை கம்ப்யூட்டரை உடை என்பதல்ல. அதில் நம்மை எழுது என்பதுதான். பழைய பதிவேடுகளை ஏற்றி, ஒவ்வொரு கிராமத்துப் பஞ்சமி சர்வே நம்பரையும் யாரும் பார்க்கும்படி வெளியிடு. கோயில் நிலத்தை விற்கப் போனால் பத்திரப்பதிவு கம்ப்யூட்டர் மறிக்கிறதே, அதே பூட்டைப் பஞ்சமி நிலத்துக்கும் போடு. யு.டி.ஆரில் மாறிய பேருக்கு ஆதாரம் காட்ட வேண்டியவன் இப்போது அனுபவிக்கிறவன், இழந்தவன் அல்ல என்று ஆணையிடு. ஏரிக்கரைக் குடிசைக்கு மனைப்பட்டா கொடுத்த பிறகு முகவரி கேள். ரேகை விழவில்லை என்று ஒருவரையும் அரிசியில்லாமல், கூலியில்லாமல் திருப்பி அனுப்பாதே. கையால் எழுதிக் கொடு. விதைப்பு, அறுப்புக் காலத்தில் வேலையை நிறுத்துகிற 60 நாளைத் தமிழ்நாட்டில் ஒரு நாளும் அமல்படுத்தாதே.

தோழர்கள் அவரவர் கிராமத்தில் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போட்டுப் பழைய பதிவேட்டு நகலை வாங்குங்கள். இன்றைய ஆன்லைன் சிட்டாவைப் பக்கத்தில் வையுங்கள். சர்வே நம்பர் வாரியாக ஒப்பிட்டு, கிராம சபையில் எழுந்து நின்று வாசியுங்கள். பரந்தூர் விமான நிலையம் வேண்டாம் என்று ஏகனாபுரம் ஜனங்கள் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டும் அரசின் காதில் ஏறவில்லை என்பது எனக்கும் தெரியும். குடவோலைக்கு மேடையில் கைதட்டுகிறவர்கள் உயிரோடிருக்கிற கிராம சபைக்குக் காது கொடுப்பதில்லை. இருந்தாலும் வாசியுங்கள். தீர்மானப் புத்தகத்தில் நம் நிலத்தின் நம்பர் நம் கையெழுத்தில் ஏறட்டும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் நம் பேருக்கு ஓலை இல்லை. இந்தத் தடவை எழுதாமல் விட்டால் அதற்கு நாம் சோழனைக் குற்றம் சொல்ல முடியாது.